காபிக் களத்தில் தக்காளி வத்தல்

ஒண்டிக்கடை நிறுத்தத்தில், மஞ்சக்குட்டை ஊருக்குப் போகும் ஷேர் ஜீப்பில் உட்கார்ந்திருந்தேன். மழையில் மண் சரிந்து, மலையிலிருந்து இறங்கும் சேலம் ரோடு ஐந்து நாளாக மூடிக் கிடந்தது. கடைகளில் காய்கறி இல்லை. எதிர் சீட்டில், காபி எஸ்டேட்டில் வேலை செய்யும் பெண்கள் இருவர். மூத்தவள் சொன்னாள்:

“ரோடு இன்னும் பத்து நாள் மூடிக் கெடந்தாலும் எனக்குக் கவலை இல்ல கண்ணு.”

“ஏனுங்கக்கா?”

“சித்திரையில சந்தை கலையற நேரம் பார்த்து ரெண்டு கூடை தக்காளி சல்லிசா வாங்குனேன். அறுத்து உப்புப் போட்டு, எஸ்டேட்டுல காபிக்கொட்டை காயப் போடற களத்துல காய வெச்சேனல்ல? ஊட்டுல ரெண்டு டப்பா வத்தல் இருக்குது.”

“அன்னைக்கு எஸ்டேட்டுல கணக்கு எழுதற ரைட்டரு நொம்ப சத்தம் போட்டாருங்களே. இனிமே களத்துப் பக்கமே வரக்கூடாதுன்னாரு.”

“அவரேதான் இன்னைக்குக் காத்தால கிண்ணத்தோட வந்து நின்னாரு. ஊட்டுல ரசம் வெக்கத் தக்காளி இல்லயாமா.”

“குடுத்தீங்களா?”

“கிண்ணம் நெறையக் குடுத்தேன். ‘வர்ற சித்திரைக்கும் களம் வேணுங்க’ன்னேன்.”

“அதுக்கு?”

“ஆளு வெச்சுக் களத்தக் கூட்டிச் சுத்தம் பண்ணியே தர்றேன்னுட்டாரு கண்ணு!”

டிரைவர் சிரித்து முடித்த பிறகுதான் வண்டியை எடுத்தார்.