செல்லம்மா சொன்னதை நான் கேட்கவில்லை

மேடையில் வீற்றிருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே, ஆய்வகத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செல்லம்மாவின் தங்கையே, வணக்கம். செல்லம்மாவின் நினைவுக் கூட்டத்தில், ஆய்வகத்தின் தலைவன் என்பதால் என்னை முதலில் பேச அழைத்தீர்கள். இந்த மேடையில் நிற்கவே எனக்குக் கூசுகிறது.

இருபத்தாறு ஆண்டுகள் எங்களுக்காகச் செல்களை வளர்த்தவர் அவர். அதனால்தான் செல்லம்மா என்று பெயர் வைத்தோம். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு நின்றுவிட்டது. "பெத்த பிள்ளைகூட இப்படி நேரத்துக்குப் பசி பசின்னு கேக்காது" என்று திட்டிக்கொண்டே, விடுமுறை நாளிலும் வந்து செல்களுக்கு ஊட்டநீர் மாற்றுவார்.

நாங்கள் ஆராய்ந்தது, காய்ச்சல் விட்ட பிறகும் மாதக்கணக்கில் மூட்டுகளை முடக்கும் ஒரு வைரஸை. அந்த நோயால் டம்ளரைப் பிடிக்க முடியாமல் போனவர் செல்லம்மாவின் தங்கை. வைரஸின் மேல் ஒரு சிறு புரதம் உண்டு. அது இல்லாவிட்டால் வைரஸ் பெருகவே முடியாது என்பது அப்போது என் கருத்து. கட்டுரையும் எழுதி முடித்திருந்தேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், வாராந்தரக் கூட்டத்தில் செல்லம்மா எழுந்தார்.

"சார், அந்தப் புரதத்தை எடுத்துட்டாலும் வைரஸ் சாகல. தோல் செல்லுல நல்லாத்தான் வளருது. வெள்ளையணுவுக்குள்ளதான் நுழைய முடியல. ஒளிஞ்சுக்க இடம் இல்லாம உடம்பை விட்டே போயிடுமோ என்னவோ. எலியில பாத்துடலாமா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அக்கா, செல் வளக்கறது உங்க வேலை. யோசிக்கறது எங்க வேலை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் உட்கார்ந்துகொண்டார்.

சென்ற ஆண்டு வேறொரு ஆய்வகம் அதையே எலிகளில் நிரூபித்தது. காவல் காக்க வேண்டிய வெள்ளையணுவுக்குள் வைரஸ் குடியேறக் கதவு திறந்துவிடுவது அந்தப் புரதம்தான்; நோய் நீடிப்பதும் அதனால்தான். அன்று செல்லம்மாவின் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். அந்தக் கூட்டத்துக்குப் பிறகும், தேதி போட்டு, ஒன்பது முறை சோதித்துப் பார்த்திருந்தார். ஒன்பது முறையும் அதே விடை.

அன்றே மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. அவர் மருத்துவமனையில் படுத்திருந்தபோது கேட்டேனா? போனேன். அரை மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினேன். "வேலை கெடக்கும், கெளம்புங்க சார்" என்று அவரே அனுப்பிவைத்தார். நான்காம் நாள் நம்மை விட்டுப் போய்விட்டார்.

என் பிடிவாதத்தால் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தவறான இடத்தில் மருந்து தேடினோம். வீங்கிய விரல்களோடு அத்தனை பேர் காத்திருந்தார்கள். முன்வரிசையில் இருக்கும் அம்மா, அவர்களில் நீங்களும் ஒருவர்.

என் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக, அதை வெளியிட்ட இதழுக்கு இன்று காலை எழுதி அனுப்பிவிட்டேன். காரணம் கேட்டிருந்த இடத்தில், "எங்கள் ஆய்வக உதவியாளர் முன்பே சொன்னார், நான் கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறேன். அந்தக் கதவை அடைக்கும் மருந்தைத் தேடும் வேலை நாளை தொடங்கும். அதில் வரும் முதல் கட்டுரையில், பெற்றோர் வைத்த பெயரோடு, எழுதியோர் வரிசையில் அவர்தான் முதல் ஆசிரியர்.

இது மன்னிப்பு ஆகாது. மன்னிக்க வேண்டியவர் இல்லை. அவர் இல்லாத அறையில் தலைகுனிந்து வேலை செய்வேன். உங்களில் யாராவது எழுந்து நான் சொல்வது தவறு என்றால், என் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பேன்.