குறைத்து எழுதிய எண்

வெளியே நிழலில் நிற்கும் சாம்பல் நிறக் கார் உங்களுடையதுதானே, சார்? என்னை உள்ளே கூட்டிக்கொண்டு வரும்போது பார்த்தேன். விலங்கு கையில்தான், கண்ணில் இல்லையே. நல்ல வண்டி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இடது பக்கப் பின்கதவு அந்த வண்டியோடு பிறந்ததல்ல. ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் பொடி எழுத்தில் அது செய்யப்பட்ட வருடம் இருக்கும். மற்றக் கண்ணாடிகளெல்லாம் ஒரே வயது, அந்த ஒன்று மட்டும் மூன்று வருடம் இளையது. பயப்படாதீர்கள், அது என் வேலை இல்லை. என் கை பட்டிருந்தால் அதே வருடத்துக் கண்ணாடியைத் தேடிப் பிடித்துப் போட்டிருப்பேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் மறைக்கிற ஆள் இல்லை என்று உங்களுக்குத் தெரியத்தான். கேட்டால் சொல்வேன். இருபத்திரண்டு வருடமாகப் பழைய கார் விற்கிறேன், ஒருவரும் சரியானபடி கேட்டதில்லை, அவ்வளவுதான். கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பார்களே, வாங்க வருகிறவர்கள் அந்த ரகம். பாட்டுப் பெட்டி பாடுகிறதா என்று பார்ப்பார்கள். மீட்டரில் அறுபதாயிரம் கிலோமீட்டர் என்று இருந்தால் முகம் மலர்ந்துவிடும். பிரேக் மிதிகட்டையின் ரப்பர் சோப்பு மாதிரி வழுவழுவென்று தேய்ந்திருப்பதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மிதிகட்டையும் ஸ்டியரிங்கும் ஓட்டுகிறவர் உட்கார்ந்து எழும் இருக்கை ஓரமும் பொய் சொல்லாது. மீட்டர் சொல்லும். நான் சொல்லச் சொன்னதைச் சொல்லும்.

சில பேர் சர்வீஸ் புத்தகத்தைக் கேட்பார்கள். கொடுப்பேன். நானே எழுதியதுதான். நாலு பேனா, இரண்டு முத்திரை, ஓரத்தில் கொஞ்சம் கிரீஸ் விரல். நடுவில் ஒரு சர்வீஸை வேண்டுமென்றே விட்டுவிடுவேன், ஏனென்றால் மனிதன் மறக்கிறவன். மறக்காமல் எழுதிய புத்தகத்தைக் கண்டால் நீங்கள் வண்டியை வாங்காமல் வந்துவிட வேண்டும். புத்தகத்தில் போட்டிருக்கும் தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டுச் சரிபார்க்கிற கெட்டிக்காரர்களும் உண்டு. அந்த எண் என்னுடையது. கடைக்குப் பின்பக்கம் போய், குரலைக் கொஞ்சம் கட்டையாக்கி, எல்லாம் சரிதான் என்று சொல்லிவிட்டு முன்பக்கம் வருவேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள், ஒரு காருக்கு நாலைந்து போதும். தட்டச்சு செய்யும் அம்மா சிரிக்கிறார். சிரிக்கட்டும், சார்.

இப்போது அந்த வெள்ளைக் காரைப் பற்றிச் சொல்கிறேன். முன்பக்கம் நசுங்கி என் கடை யார்டுக்கு வந்த வண்டி. ஏர்பேக் இரண்டும் வெடித்துப் போயிருந்தன. புதிது போட்டால் வண்டியை விற்பதில் அர்த்தமில்லை. ஆகவே எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். ஸ்டியரிங் நடுவே காலியான குழிக்குள் துணியைத் திணித்து, மேலே புது மூடியை ஒட்டினேன். மீட்டர் பலகையில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கின் கம்பியை ஆயில் விளக்கோடு சேர்த்துக் கட்டினேன். சாவியைத் திருப்பினால் இரண்டும் சேர்ந்து எரியும், சேர்ந்து அணையும். நல்ல வண்டியில் ஏர்பேக் விளக்கு தனியாக அணைய வேண்டும். இதையும் தட்டச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள், யாருக்காவது உதவும். விபத்து நடந்த பதிவைக் கணினியில் அழிக்க ஒரு ஆள் இருந்தார், அழித்துக் கொடுத்தார்.

துணியை மற்றவர்கள் கைக்குக் கிடைத்ததைச் சுருட்டித் திணிப்பார்கள். குண்டு குழியில் உள்ளே கடகடக்கும். எனக்கு அது பிடிக்காது. என் மனைவி சமையலறை ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டிருந்தாள். கழற்றிய பழையது, நீலத்தில் சின்னச் சின்னக் குருவிகள் போட்டது, துடைக்க உதவும் என்று யார்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள். அதை அளவாக வெட்டி, எட்டாக மடித்து, நூலால் கட்டி வைத்தேன். செய்வதைத் திருந்தச் செய் என்று வளர்ந்தவன் நான்.

வாங்க வந்தது ஒரு நர்ஸ். ஐந்து வயசு மகள் கூட வந்திருந்தாள். அந்த நர்ஸ் மாதிரி ஒரு வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. கைபேசியில் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். சீட் பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் துணிச்சீட்டில் தேதி பார்த்தார். பானெட் திருகுகளில் பெயின்ட் விட்டிருக்கிறதா என்று நகத்தால் தடவினார். எல்லாம் நான் ஏற்கெனவே பார்த்து வைத்ததுதான், ஒன்றும் கிடைக்கவில்லை. புத்தகத்தில் இருந்த எண்ணையும் கூப்பிட்டார். பின்பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்தேன். குழந்தை பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து இறங்க மாட்டேன் என்றது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அக்கறையாக வைத்துக்கொள்கிற கைக்கு வண்டி போகிறதே என்று நினைத்தேன்.

ஏழு மாதம் ஓட்டினார். ஒருநாள் சிக்னலில் திடீரென்று நின்ற லாரியின் பின்னால் போய் மோதினார். பெரிய வேகம் ஒன்றும் இல்லை. ஏர்பேக் இருந்திருந்தால் மூக்கில் இரத்தம் வந்திருக்கும், இரண்டு நாள் லீவு போட்டிருப்பார். ஸ்டியரிங் நெஞ்சுக்கூட்டை உடைத்து உள்ளே போயிருந்தது. பின்னால் இருந்த குழந்தைக்குக் காயமில்லை. தீயணைப்பு ஆட்கள் வண்டியை அறுத்து எடுக்கும்வரை ஒன்றே கால் மணி நேரம் அது அம்மாவோடு அங்கேயே இருந்தது. முதல் இருபது நிமிடம் அம்மாவும் அதோடு பேசிக்கொண்டிருந்தாராம். நான் லாரிக்காரரைத்தான் குற்றம் சொல்வேன். அவருடைய பின்விளக்கு எரியவில்லை என்று கேள்வி.

இனி என் மச்சானைப் பற்றி. என் மனைவிக்கு ஒரே தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அவள்தான் அவனைத் தூக்கி வளர்த்தாள். பழைய கார் வாங்குகிறவர்களுக்காக வண்டியைச் சோதித்துச் சொல்வது அவன் தொழில். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டி டார்ச், அதனால் ஊரெல்லாம் அவனுக்கு டார்ச் என்றே பெயர். நானும் அவனும் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். நான் பூட்டுகிறவன், அவன் திறக்கிறவன் என்று வீட்டில் கேலி செய்வோம். என் யார்டு வண்டிகளை மட்டும் சோதிக்க மாட்டான், குடும்பத்துக்குள் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்வான். பெருந்தன்மையான பையன்.

நர்ஸின் கணவர் நொறுங்கிய வண்டியைப் பார்க்கச் சொல்லி அவனைத்தான் கூப்பிட்டிருக்கிறார். என் விதி என்று சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் யார்டுக்கு வந்தான். ஆட்களுக்கு விடுமுறை, நான் மட்டும் இருந்தேன். ஒரு பிளாஸ்டிக் பையைப் பிரித்துத் துணியை மேசையில் வைத்தான். எட்டு மடிப்பும் அப்படியே இருந்தது. ஒரு பாதி கறுத்து, விறைத்துப் போயிருந்தது.

"மாமா, இது அக்கா சமையலறையில தொங்குன திரை. குருவி போட்டதுதான் வேணும்னு கடையில நான்தான் எடுத்துக் கொடுத்தேன். திரைக் கம்பியும் நான்தான் அடிச்சேன்."

அவன் அழுதான். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நாளைக்குக் காலையில போலீஸ்ல சொல்லத்தான் போறேன். அதுக்குள்ள அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. என் வாயால அக்கா கேக்க வேண்டாம்."

நீங்கள் என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். அவளுக்கு உலகத்தில் இரண்டு பேர், நானும் அவனும். அவள் புருஷன் அவள் கொடுத்த துணியை வைத்து ஒரு பெண்ணைக் கொன்றான் என்று அவள் தம்பியே ஊருக்குச் சொன்னால் அவள் இரண்டு பேரையும் ஒரே நாளில் இழப்பாள். ஒருவரை இழந்தால் தாங்குவாள், தாங்க வைக்க நான் பக்கத்தில் இருப்பேன். இதைக் கோபத்தில் யோசிக்கவில்லை. அவன் மூக்கைத் துடைத்துக்கொள்ளும் நேரத்தில் யோசித்தேன்.

சரிடா, சொல்லிவிடுகிறேன் என்றேன். மறைக்க இனி ஒன்றும் இல்லை, இன்னொரு வண்டியும் இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டுப் போ என்று ஒரு காரை ஜாக்கியில் தூக்கினேன். இரண்டு வண்டியை வெட்டி ஒட்டியது, வெல்டிங் கோடு அடியில் இருக்கிறது என்றேன். அவன் தொழில் புத்தி அவனைக் குனிய வைத்தது.

"ஸ்டாண்டு எங்க மாமா?" என்று கேட்டான். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது, இரும்பு ஸ்டாண்டை முட்டுக் கொடுக்க வேண்டும். எடுத்துக்கொண்டு வருகிறேன், நீ கோட்டை மட்டும் பார் என்றேன். ஊரில் உள்ள அத்தனை திருகையும் சந்தேகப்படுகிறவன், மாமா என்ற ஒரே காரணத்துக்காக டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து உள்ளே போனான். ஜாக்கியின் கைப்பிடியைத் திருகினேன்.

முதல் முறை முடியவில்லை. வண்டி அவன் நெஞ்சின் ஒரு பக்கத்தில்தான் உட்கார்ந்தது. காய்ந்த குச்சிகளைக் கட்டாக மிதித்தால் வருமே, அந்தச் சத்தம் வந்தது. மறுபடி தூக்கினேன். பதினெட்டு முறை கைப்பிடியை அடித்தால்தான் அது மேலே வரும், அவசரக்காரனால் ஆகிற வேலை இல்லை. அவன் வாயில் இரத்தம் நுரைத்தது. ஆனாலும் பேசினான். "தூக்குங்க மாமா... நான் யார்கிட்டயும் சொல்லல... அக்காவுக்குத் தெரிய வேணாம்," என்றான்.

நானும் அதைத்தான் விரும்பினேன். ஆனால் வலியில் இருக்கிறவன் கொடுக்கும் வாக்கை நம்பி ஒரு குடும்பத்தை நடத்த முடியாது. இரண்டாவது முறை இறக்கினேன். கால் அசைந்துகொண்டே இருந்தது, குதிகால் தரையில் கோடு போட்டது. மீண்டும் பதினெட்டு அடி. இந்த முறை ஜாக்கியை ஒரு சாண் நகர்த்தி, பாரம் முகத்துக்கு நேராக வரும்படி இறக்கினேன். அதற்குப் பிறகு டார்ச் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. எடுத்து அணைத்து வைத்தேன், பேட்டரி வீணாகக் கூடாது.

பிறகு ஜாக்கிக்கு ஒரு வரலாறு எழுதினேன். பழைய நோட்டு ஒன்றில், எட்டு மாதமாக ஒவ்வொரு முதல் தேதியும் ஜாக்கியைச் சோதித்ததாகவும், எண்ணெய் கசிவதாகவும், ஸ்டாண்டு இல்லாமல் அடியில் போகாதே என்று மச்சானை எச்சரித்ததாகவும் எழுதி, கடை இழுப்பறையில் வைத்தேன். நாற்பது நிமிடம் ஆனது. அப்புறம்தான் ஆம்புலன்சுக்குச் சொன்னேன், மனைவிக்குச் சொன்னேன், அழுதேன். நடிப்பில்லை, சார். அவனைத் தோளில் போட்டு ஊர் சுற்றியவன் நான்.

தப்பு அங்கேதான். ஒரு மாதத்தையாவது மறந்திருக்க வேண்டும். அவசரத்தில் எட்டையும் வரிசையாக எழுதிவிட்டேன். அதில் ஒரு முதல் தேதியில் நான் பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தேன். வாங்குகிறவனுக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தை விற்கிறவன் மறந்தால் இப்படித்தான்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், கையெழுத்தும் போடுகிறேன். ஒரே ஒரு உதவி. மூன்று முறை என்று தட்டச்சு செய்திருக்கிறீர்கள். அதை ஒரு முறை என்று குறைத்துவிடுங்கள். அவன் கடைசியாகப் பேசியதையும் எடுத்துவிடுங்கள். நேற்று லாக்கப்புக்கு மாத்திரை கொடுக்க வந்தபோது என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவன் ஏதாவது சொன்னானா?"

இல்லை, உடனே போய்விட்டான், வலியே தெரிந்திருக்காது என்றேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நிம்மதியாகத்தான் போனாள். அதைக் கெடுக்க வேண்டாம். அவள் என்னை நம்புகிறவள்.

என்ன காகிதம் இது? படிக்கிறேன்.

என் மனைவி கொடுத்த புகார் என்று போட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாளும் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் தூங்கினாளாம், அந்த முதல் தேதி நான் யார்டுக்குப் போகவே இல்லையாம். நோட்டை அவளே இழுப்பறையிலிருந்து எடுத்து இணைத்திருக்கிறாளாம். என் தம்பியை இவர்தான் கொன்றார் என்று எழுதி, கையெழுத்து. தம்பி செத்த நாலாம் நாள் தேதி.

கொஞ்சம் வெளிச்சத்தில் பிடியுங்கள். எழுத்து அவளுடையது மாதிரியே இருக்கிறது. அந்தச் சாய்வு, அந்தச் சுழி, எல்லாம் அப்படியே. ஆனால் பாருங்கள், ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் பட்டு மை கலையவில்லை. தம்பியைப் பறிகொடுத்த நாலாம் நாள் ஒருத்தி கோடு போட்ட மாதிரி எழுதுவாளா? எனக்கு இதில் இருபத்திரண்டு வருட அனுபவம். இது போலி, சார். தொழில் தெரிந்த யாரோ செய்திருக்கிறார்கள். யாரென்று கண்டுபிடியுங்கள், இந்த மாதிரி ஆட்களைச் சும்மா விடக் கூடாது.