விலைக்குப் பெறுமதியான இயந்திரம்

வீட்டில் பியர் காய்ச்ச ஆசைப்படுகிற எவரும் முதலில் கேட்பது நீங்கள் கேட்ட அதே கேள்வியைத்தான், ஐயா. இவ்வளவு விலை கொடுத்து இயந்திரம் வாங்குவது பெறுமதியா, ஒரு பிளாஸ்ரிக் வாளி போதாதா? இணையத்தில் இதைப் பற்றி வருடக்கணக்காகச் சண்டை பிடிக்கிறார்கள். நான் இரண்டு மாதம் அவற்றை வாசித்தேன். குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கு வாளி போதும். திருகோணமலையில் போதாது. இங்கே வெயில் காலத்தில் குழாய்த் தண்ணீரே கையைச் சுடும். அந்தச் சூட்டில் நொதிக்கும் பியர் நகப்பூச்சு போல மணக்கும்.

உங்கள் பொலிஸ்காரர்கள் தாங்கியை ஜீப்பில் ஏற்றும்போது குளிரூட்டும் சுருளை வளைத்துவிட்டார்கள். பரவாயில்லை. அதைத் திருத்தத் தெரிந்த ஆளும் இப்போது இல்லை.

அனுமதிப்பத்திரம் இல்லாமல் பியர் காய்ச்சினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரி. குடிப்பழக்கம் இல்லாத ஒருவன் எதற்காக நாலரை இலட்சம் ரூபாயை இதில் போட்டான் என்றும் கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கு அனுமதிப்பத்திரத்தோடு சம்பந்தமில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

என் அக்கா இரத்தினேஸ்வரியை உங்களுக்குத் தெரியும். அவளுடைய கணவர் கதிரவேல், என் அத்தான், துறைமுகத்தில் இழுவைப் படகுகளின் எஞ்சின் மெக்கானிக். நல்ல மனிதர். ஆனால் கலியாணமாகி இரண்டாம் வருடம் தொடங்கிக் குடித்தார். ஏழு வருடம் குடித்தார். அந்த ஏழு வருடமும் அக்கா கூப்பிட்டது என்னைத்தான். நான் உவர்மலையில் இருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடத்தில் மட்டிக்களியில் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவேன். பஸ் நிலையத்தடியில், மீன் சந்தைக்குப் பின்னால், ஒருமுறை கோட்டை வாசலில் மான்களுக்கு நடுவில் என்று எங்கெங்கோ இருந்தெல்லாம் அவரைத் தூக்கி வந்திருக்கிறேன். கழுவி, சாரம் மாற்றி, படுக்க வைத்த பிறகு அக்கா குசினியில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தருவாள். நான் கதிரையில் இருப்பேன். அவள் தரையில் இருந்து எல்லாவற்றையும் சொல்லுவாள். எங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லாதவற்றைச் சொல்லுவாள். "நீ இல்லாட்டி நான் எப்பவோ செத்திருப்பன் தம்பி" என்பாள். என் வாழ்க்கையில் அது மிகவும் கஷ்டமான காலம்.

பிறகு அத்தானின் ஈரல் கெட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை. "இனி ஒரு துளி பட்டாலும் ஆளைக் காப்பாத்த ஏலாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்" என்று அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெளியே வந்ததும் அத்தான் சல்லி அம்மன் கோயிலுக்கு நடந்தே போய் மொட்டையடித்து, இனித் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தார். தொடவுமில்லை. மூன்று வருடம்.

நான் சந்தோசப்பட்டேன். எல்லோரும்தான் சந்தோசப்பட்டார்கள்.

அந்த மூன்று வருடத்தில் அக்கா என்னை எத்தனை முறை கூப்பிட்டாள் என்று எனக்குத் தெரியும். தீபாவளிக்கு மூன்று முறை. காஸ் தட்டுப்பாட்டு நேரம் மேலதிகமாக ஒரு சிலிண்டர் இருக்கிறதா என்று கேட்க ஒரு முறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானாகவே இரண்டு கிலோ பாரைமீன் வாங்கிக்கொண்டு போனேன். அவர்கள் இருவரும் குசினியில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டு அக்கா கேட்டாள்:

"என்ன லதீசன், ஏதும் அலுவலோ?"

அவள் அதைப் பிழையாகக் கேட்கவில்லை. அன்பாகத்தான் கேட்டாள். மீனை வைத்துவிட்டு, ஓம், இந்தப் பக்கம் ஒரு அலுவல் இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் வாளி வாங்கினேன். நான் வேலை செய்யும் உப்புவெளி விடுதியில் வெள்ளைக்காரர் ஒருவர் வீட்டில் பியர் காய்ச்சுவது பற்றி ஒரு மணி நேரம் கதைத்திருந்தார். அது ஒரு பொழுதுபோக்கு. தனி ஆளுக்குப் பொழுதுபோக்கு வேண்டும். முதல் தடவை காய்ச்சியதை அத்தானுக்குக் காட்டினேன். அவர் மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார்.

"இது பற்றரிக்கு ஊத்திற தண்ணியெல்லோ. இதைக் குடிச்சால் ஆள் ஸ்ராட் ஆகிடுவான், நிப்பாட்ட ஏலாது."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாளி போதாது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. ஆகவே உங்கள் கேள்விக்கு என்னுடைய பதில், நல்ல பியர்தான் வேண்டுமென்றால் நல்ல இயந்திரம் வேண்டும். கெட்ட பியர் யாரையும் எதுவும் செய்யாது.

கலியாணத்துக்கென்று சேர்த்த காசு இருந்தது. கொழும்பில் ஒரு முகவர் மூலம் எடுப்பித்தேன். உருக்குத் தாங்கி, குளிர்த் தண்ணீர் ஓடும் சுருள், அந்தத் தண்ணீரைத் தள்ளும் பம்பி, வெப்பத்தைக் காட்டும் சிறிய பெட்டி. அழகான பொருள். அத்தானைப் போன்றவர்கள் அதைச் சுற்றி ஒருமுறை நடக்காமல் போக மாட்டார்கள்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு எஞ்சினைத் திருத்தினால் அதை ஓட விட்டு, பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்க்காமல் அவர் வேலையை ஒப்படைக்க மாட்டார். மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் மாட்டார். "ஓட்டிப் பாக்காமல் குடுக்கிறது மெக்கானிக் வேலை இல்லை, தரகர் வேலை" என்பார். மற்றவர்கள் திருத்தியதைப் பற்றிப் பேசும்போது அவருடைய முகம் மாறிவிடும்.

நான் பம்பியின் குழாய்ப் பிடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு அவருக்குப் போன் எடுத்தேன்.

"அத்தான், பம்பி ஒரு மாதிரிச் சத்தம் போடுது. வந்து பாக்க ஏலுமோ?"

"ஓம், ஞாயிறு வாறன். அதுக்கிடையில நீ அதில கை வைச்சுப் போடாதை. உன்ர கை பட்டால் கப்பலும் தாழும்."

அன்று பின்னேரமே அக்காவின் அழைப்பு வந்தது. "உனக்கு வேற விளையாட்டுக் கிடைக்கேல்லையோ? அவரை ஏன் அதுக்குள்ள இழுக்கிறாய்?" என்று பேசினாள். அவர் மெசினைத்தான் பார்க்கிறார், குடிக்க இல்லை என்றேன். பதினொரு நிமிடம் பேசினாள். அவ்வளவு நேரம் அவள் என்னோடு பேசி எவ்வளவு காலம்.

முதல் ஞாயிறு பம்பி. அடுத்த ஞாயிறு சுருளில் ஒரு ஒழுக்கு. மூன்றாம் ஞாயிறு வெப்பப் பெட்டி. எல்லாவற்றையும் நான்தான் பழுதாக்கினேன். அவர் சந்தோசமாகத் திருத்தினார். நான்காம் ஞாயிறு எல்லாம் சரியாக ஓடியது, பியரும் தயாராக இருந்தது. அத்தான் பெட்டியைப் பார்த்தார், தாங்கியைத் தட்டினார், கையைத் துடைத்தார். ஆனால் போகவில்லை.

"வெப்பம் சரி. உள்ளுக்குச் சரிவந்ததோ எண்டுதான் தெரியாது" என்றார்.

"எனக்கும் உந்த ருசியெல்லாம் தெரியாது அத்தான். பரவாயில்லை, எங்கட விடுதிச் சமையல்காரனைக் குடிச்சுப் பாக்கச் சொல்லுறன். அவன் சொல்லுவான் உங்கட வேலை சரியோ பிழையோ எண்டு."

நான் சொன்னது அவ்வளவுதான். நான் ஊற்றிக் கொடுக்கவும் இல்லை. கிளாஸ் அலுமாரிக்கு மேல் இருந்தது. அதை எடுத்தவர் அவர், குழாயைத் திறந்தவர் அவர். நாக்கை நனைத்துவிட்டு வெளியே போய்த் துப்பினார். "கொஞ்சம் கசப்புக் கூட" என்றார். அடுத்த தடவை காய்ச்சியதிலும் அப்படியே துப்பினார். மூன்றாம் தடவை துப்பவில்லை. அவருடைய தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"இப்ப சரி" என்றார்.

அதன் பிறகு நான் எதையும் பழுதாக்க வேண்டியிருக்கவில்லை. கிழமை நாட்களிலும் வந்தார். இரண்டு மாதத்தில் என்னுடைய பியர் அவருக்குப் போதாமல் போனது. பழையபடி துறைமுக வீதிச் சாராயக் கடைக்குப் போகத் தொடங்கினார் என்று கேள்விப்பட்டேன். மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் நிரப்பி வைத்தேன். வேலை முடிந்து வந்தால் உடுப்பு மாற்றாமலே இருந்தேன்.

அக்கா கூப்பிடவில்லை. ஐந்து கிழமை அவள் தனியாகவே அவரைத் தேடிப் போய்த் தனியாகவே தாங்கிக் கூட்டி வந்திருக்கிறாள். நான் ஒருமுறை போனபோது வாசலில் நின்றே கதைத்தாள். "எல்லாம் சுகம்தான், நீ போ" என்றாள். அவள் கையில் புண் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு பிடிவாதம் ஏன் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அத்தான் முற்றத்தில் இரத்தமாகச் சத்தி எடுத்தார். அக்கா சந்தியில் நிற்கும் முச்சக்கர வண்டிக்காரர் தாஹிர் நானாவைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது. எனக்குச் சொன்னதும் தாஹிர் நானாதான். அதுவும் மூன்று மணி நேரம் கழித்து, விடுதிக்கு ஆள் ஏற்றி வந்த இடத்தில். "உங்களுக்குத் தெரியாதா தம்பி?" என்று கேட்டார். விருந்தினர்களுக்கு முன்னால் கேட்டார்.

செத்த வீட்டில் அக்கா என்னைப் பார்த்து அழவில்லை. முப்பத்தோராம் நாள் காரியத்திலும் நான் கொண்டுபோன சாமான்களை யாரோ ஒரு பெண்தான் வாங்கி வைத்தாள்.

நான் அவரைக் கொல்ல நினைக்கவில்லை, ஐயா. டொக்டர் சொன்னது எனக்குத் தெரியும். அதை மறைக்கவில்லை, அப்படியே எழுதுங்கள். தெரிந்துதான் வாங்கினேன், தெரிந்துதான் பழுதாக்கினேன், தெரிந்துதான் சமையல்காரனின் பேச்சை எடுத்தேன். ஆனால் அவர் விழ வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். தூக்குவதற்கு நான் இருந்தேன். ஏழு வருடம் தூக்கியவன். அதை அவர்கள் இருவரும் மறந்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

அக்கா கொடுத்த முறைப்பாட்டை நீங்கள் வாசித்துக் காட்டியபோது நான் தலையைக் குனிந்திருந்தது வெட்கத்தால் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. அக்கா யாரையும் துணைக்குக் கூட்டி வராமல், வெயிலில் நடந்து இங்கே வந்திருக்கிறாள். நீங்கள் கதிரை கொடுத்தும் இருக்கவில்லையாம். என்ன நடந்தது என்று நீங்கள் கேட்க முன்னரே பெயரைச் சொல்லியிருக்கிறாள். தாஹிர் நானாவின் பெயரை இல்லை, அத்தானின் பெயரைக்கூட இல்லை. இவ்வளவு பெரிய கஷ்டத்தில் அவள் வாயில் முதலில் வந்தது என்னுடைய பெயர்தான்.