மிஞ்சிய முகப்பு

தேநீரில் சர்க்கரை போடாதீர்கள், ஐயா. சர்க்கரை வியாதி எங்கள் குடும்பச் சொத்து. அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வந்துவிட்டது. தம்பிக்கு மட்டும் வரவில்லை. எது வந்தாலும் அவனை விட்டுவிட்டு என்னிடம்தான் வரும்.

நகரமன்றத்தின் கட்டடப் பொறியாளர் நான். பணியில் சேர்ந்த நாள் முதல் மன்றக் கட்டடத்தின் பழைய கல் முகப்பை என் கண்போலப் பார்த்துக்கொண்டேன். கல் வளைவுகளில் புறா எச்சத்தைச் சுரண்டியிருக்கிறேன். விரிசலில் சுண்ணாம்புச் சாந்து பூச ஆள் கிடைக்காதபோது நானே சாரத்தில் ஏறியிருக்கிறேன். என் தம்பிக்கு அது தெரியும். தெரிந்துதான், தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததும், எல்லாவற்றையும் இடித்துவிட்டுக் கண்ணாடிக் கட்டடம் எழுப்பப் போவதாக அறிவித்தான்.

கூட்டத்தில் எழுந்து வேண்டாம் என்றேன். முகப்பையாவது விட்டுவை என்றேன். அவன் சிரித்தான்.

"அண்ணி செத்தப்பகூட எங்கண்ணன் இவ்ளோ கலங்கலைங்க. அந்தச் செவுரைத்தான் கட்டிக்கிட்டாருபோல."

மன்றமே குலுங்கிச் சிரித்தது. அவன் தயவில் பதவிக்கு வந்தவர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன், தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். அது கோபம் இல்லை. கோபம் வந்தால் நான் கத்திவிடுவேன். நான் யோசிக்கத்தான் செய்தேன்.

நம் ஜனங்களுக்கு நன்றாக நிற்கும் எதன் மேலும் அக்கறை கிடையாது. வெந்து கருகி நின்றால் கண்ணீர் விடுவார்கள். பின்மண்டபத்தில் மரத்தளம், பழைய நாற்காலிகள், திரைச்சீலைகள். அது எரிந்தால் முன்னால் இருக்கும் கல் தப்பும். பிறகு அதன்மேல் கடப்பாரை வைக்க எவனுக்கும் தைரியம் வராது. என் கணக்கு தப்பவில்லை என்பதை நீங்களே பார்க்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், விடுமுறை. ஜெனரேட்டருக்கு வைத்திருந்த டீசலை மண்டபத்தில் ஊற்றிப் பற்றவைத்தேன். முன்பக்கம் வந்து, மண்டபத்துக்கும் முகப்புக்கும் நடுவிலிருந்த இரும்புத் தகட்டுக் கதவைச் சாத்தினேன். உள்ளே யாரும் இல்லை என்று நினைத்ததாக, இந்தக் காவல் நிலையத்துக்கு வந்த முதல் நாள் உங்களிடம் சொன்னேன். பின்முற்றத்தில் அவன் கார் நின்றது. பார்த்தேன். நடந்து எங்காவது போயிருப்பான் என்று எண்ணிக்கொண்டேன். தெருமுனைக் கடைக்கும் காரில் போகிறவன் அவன். வீட்டில் பிள்ளைகள் சத்தம் என்று ஞாயிறுதோறும் பின்மண்டபத்தை ஒட்டிய தலைவர் அறையில் வந்து தூங்குவதும் எனக்குத் தெரியும்.

தீ அணைந்தபோது முகப்பு மட்டும் நின்றது. ஊரே வந்து அழுதது. இடிக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். அதை என் தம்பிக்கு நினைவுச்சின்னமாக்கினார்கள். நடு வளைவில் துளை போட்டு, ஆணி அடித்து, அவன் வெண்கல முகத்தை மாட்டினார்கள். நான் பூசிய சாந்து பொடிப்பொடியாக உதிர்ந்து என் செருப்பின் மேல் விழுந்தது. இடிக்கத் துடித்தவன் முகம் அங்கே. காப்பாற்றியவன் கூட்டத்தில் நின்று கைதட்ட வேண்டும்.

அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, 'எங்கண்ணன் இருக்குற வரைக்கும் அந்தக் கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகாது'ன்னு உங்க தம்பி சொல்லிக்கிட்டே இருப்பாரு," என்று அழுதாள். எனக்கு அந்த ஆணிகள்தான் கண்ணில் குத்தின. மறுநாள் காலையில் உங்களிடம் வந்தேன். அந்த முகத்தை எடுக்கச் சொல்லுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

கதவைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். திறந்திருந்தால் அனல் முன்பக்கம் பாய்ந்து கல் வெடித்திருக்கும் என்றேன். வெடித்திருக்காது. ஒரு ஆள் வெளியே வரும் நேரத்தில் கல்லுக்கு என்ன ஆகிவிடும்.

புகைக்குள்ளிருந்து கதவைத் தட்டினான். என் இருமலை அவனுக்கு எங்கேயும் அடையாளம் தெரியும். "அண்ணே, நீயா? கதவத் தெறண்ணே," என்றான்.

"இருடா, சாவி எடுத்துட்டு வரேன்," என்றேன்.

தட்டுவதை நிறுத்திவிட்டான். நான் வருவேன் என்று நம்பி, அங்கேயே நின்றுவிட்டான். நான் வெளியே போய் வாசல் படியில் உட்கார்ந்தேன்.

அந்தக் கதவுக்குச் சாவியே கிடையாது, ஐயா. வெறும் தாழ்ப்பாள்தான். அது என் பக்கம் இருந்தது.