வரட்டுங்களா, அம்மணி?

விடியற்காலை நாலு மணி. மெயின் ரோட்டிலிருந்து காலனிக்கு வருகிற அந்த நீளத் தெரு... ஆள் இல்லை, நாய்கூட இல்லை. ஒரு பக்கம் தகரத் தடுப்பு. மறுபக்கம் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி, எல்லா மாடியிலும் இருட்டு. கீழ்வீட்டில் மட்டும் லைட். உள்ளே கிரைண்டர் ஓடுகிறது. கர்ர்... கர்ர்... சட்டென்று நின்றுபோனது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

கரண்ட் வருகிறவரை கிட்டத்தில் உட்காருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன். நம் நவநீத்தின் சின்னம்மா இருக்கிறாளே, லோகப்பிரியா, அவளுக்கு நடந்தது. இன்றைக்கும் அவள் தன் வீட்டு வாசற்படியைத் தாண்டுவதில்லை. மாவு வேண்டுமென்றால் ஜன்னல் வழியாகத்தான் தருவாள். ஏன் என்று கேட்டால் நவநீத் பேச்சை மாற்றிவிடுவான். சிரிக்கிறவர்கள் கடைசியில் சிரித்துக்கொள்ளுங்கள்.

பழைய காலனியில் லோகப்பிரியாவும் மயிலாத்தாளும் எதிரெதிர் வீடு. கம்பி வெளியே தெரிகிற கட்டிடம். மழை பெய்தால் படிக்கட்டிலேயே குடை பிடிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே பிழைப்பு, இட்லி மாவு. ஒரே கடையில்தான் அரிசியும் உளுந்தும் வாங்குவார்கள். ஆனால் கூட்டமெல்லாம் மயிலாத்தாள் வாசலில். அவள் உளுந்தோடு ஒரு பிடி வெந்தயம் சேர்ப்பாள். அதோடு அந்த வாய்! பூனையைக்கூட "அக்கட்டால போங்க சாமி" என்று விரட்டுகிற வாய். லோகப்பிரியா மட்டும் சாகும்வரை வெந்தயம் போடமாட்டேன் என்றிருந்தாள். போட்டால் அவளைப் பார்த்துப் போட்டதாக ஆகிவிடுமாம். பொறாமைக்கும் ஒரு மானம் உண்டு, பாருங்கள்.

அப்போதுதான் ஹவுசிங் போர்டு ஆபீசிலிருந்து வந்து, காலனியை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்றார்கள். லிஃப்ட், பூங்கா, நூலகம், சமுதாயக்கூடம் எல்லாம் வரும், இருக்கிறவர்களுக்கே குறைந்த விலையில் வீடு என்றார்கள். எந்த வீடு யாருக்கு என்று குலுக்கல் போட்டார்கள். மயிலாத்தாளுக்குக் கீழ்வீடு, பூங்கா கேட்டை ஒட்டியே. லோகப்பிரியாவுக்கு உச்சி மாடி. கால் படி மாவுக்காக உச்சி மாடிக்கு எவன் வருவான்? பிழைப்பே போச்சு. எல்லோரும் கை தட்டினார்கள், அவளும் தட்டினாள். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. கேட்டவர்களிடம் தலைவலி என்று சொல்லிவிட்டாள்.

காலி செய்கிற நாள் வந்தது. குட்டியானை வண்டியில் சாமானை ஏற்றி, கிரைண்டரைக் கயிற்றால் கட்டி, அதை ஒட்டியே மயிலாத்தாள் உட்கார்ந்தாள். புது வீடு முடிகிறவரை வாடகை வீட்டுக்குப் போகிறாள்.

"வரட்டுங்களா, அம்மணி? புது ஊட்டுல பாக்கலாமுங்க."

இதற்கு நம் ஊரில் என்ன பதில் சொல்வோம்? ஜென்ம விரோதியானாலும் "போயிட்டு வாங்க" என்போம். எழவு வீட்டில் மட்டும்தான் அந்த 'வாங்க'வை விட்டுவிடுவோம். லோகப்பிரியா அவள் முகத்தைப் பார்த்தாள். கீழ்வீடு ஞாபகம் வந்தது.

"போங்க," என்றாள்.

அவ்வளவுதான். மயிலாத்தாள் இன்னொரு வார்த்தைக்குக் காத்திருந்த மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். வழியில் சிக்னலில் நின்றபோது கிரைண்டர் மேல் தலையைச் சாய்த்தாள். வாடகை வீட்டு வாசலில் எழுப்பினார்கள்... எழவில்லை.

கட்டிடம் முடிந்தது. மயிலாத்தாளின் மகன் கிருபாசங்கர் திருப்பூரிலிருந்து வந்தான். "அம்மா இல்லாத ஊடு எதுவா இருந்தா எனக்கென்னங்கக்கா. நீங்க கீழ இருந்துக்கோங்க, நான் மேல எடுத்துக்கறேன்" என்றான். ஆபீசில் சொல்லி மாற்றிக்கொண்டார்கள். லோகப்பிரியா அழுதாள். பாதி அழுகை, பாதி சந்தோஷம். எந்தப் பாதி பெரியது என்று நான் சொல்ல மாட்டேன்.

குடிவந்த சில நாளிலேயே அது ஆரம்பித்தது. புருஷன் லாரி ஓட்டுகிறவர், ஊரில் இல்லை. விடியுமுன் தனியாக மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கதவு தட்டுகிற சத்தம். கிரைண்டரை நிறுத்தினாள். வெளியே... குரல்.

"வரட்டுங்களா, அம்மணி?"

அதே இழுவை. அதே பணிவு. லோகப்பிரியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கையெல்லாம் மாவு. கதவுக்கு அந்தப் பக்கம் அசையாமல் ஏதோ நிற்கிறது. வெளிச்சம் வந்தபிறகுதான் போனது. மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். கேட்பது அந்த ஒரே கேள்வி. அன்றைக்குக் கிடைக்காத ஒரு 'வாங்க'வுக்காக.

சொல்லக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மாவுக்காரி வாயல்லவா? வாசலில் நிழல் விழுந்தாலே "வாங்க, வாங்க" என்று பழகின வாய். யார் என்று ஜன்னலில் எட்டிப் பார்த்த பிறகே பேச ஆரம்பித்தாள். வியாபாரம் படுத்துவிட்டது. "அவங்களுக்கு இப்பத் தலக்கனமுங்க" என்றார்கள்.

ஒரு முகூர்த்த நாள். சமுதாயக்கூடத்தில் கல்யாணம், அண்டா அண்டாவாக மாவுக்குச் சொல்லியிருந்தார்கள். முழங்கைவரை உளுந்து. கதவு தட்டுகிற சத்தம். ஆர்டர்காரர்தான் என்று நினைத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல்...

"வாங்க வாங்க, ஆச்சுங்க!"

கதவு திறக்கவில்லை. யாரும் வரவில்லை. வீடு முழுக்க வெந்தய வாசம் வந்தது.

அன்றிலிருந்து மாவில் வெந்தயம் இருந்தது. அவள் போடவில்லை. அந்த வீட்டில் வெந்தயமே கிடையாது. வாசலில் கூட்டம் நெரிந்தது. முதலில் வந்த சஃபியா, தோசை சுட்டுத் தின்றுவிட்டு மறுபடி ஓடிவந்தாள். "ஏனுங்கக்கா, மயிலாத்தாக்கா மாவு மாதிரியே இருக்குதுங்க!" அடுத்து வந்தவரும் அதையேதான் சொன்னார். கல்யாண வீட்டிலும் அதே பேச்சு.

லோகப்பிரியாவின் பயமெல்லாம் அன்றைக்கே போய்விட்டது. நம்பினால் நம்புங்கள், அவளுக்கு வந்தது ஆத்திரம். வீடு கிடைத்தது, கூட்டம் கிடைத்தது... பேர் மட்டும் அவளுக்கா? "செத்தும் பேரு வாங்கறயா நீயி?" என்று வெறும் அடுப்படியைப் பார்த்துக் கத்தினாள். கிரைண்டர் மட்டும் தானாக ஒரு சுற்று சுற்றி நின்றது.

ஆனைமலை மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்து முறையிட்டால் எதிரிக்குச் சரியான கூலி கிடைக்கும் என்பார்கள். செத்தவள் மேல் மிளகாய் அரைக்கப் புறப்பட்டவள் இந்த ஜில்லாவிலேயே இவள் ஒருத்திதான். குளித்தாள். புடவை மாற்றினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தனியாக வெளியே கிளம்பினால் சாமி படத்திடம் சொல்லிக்கொண்டு போவது அவள் வழக்கம். ஒரு கால் படிக்கு வெளியே, ஒரு கால் உள்ளே. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"வரட்டுங்களா, தாயி?"

அடுப்படியில் வெந்தய வாசம் குப்பென்று ஏறியது. உள்ளேயிருந்து ஒரு குரல்... ரொம்பப் பணிவாக...

"போங்க, அம்மணி."