அறுபதை ஐம்பதாக்கிய விவரம்

ஏசியை நான் கம்ப்யூட்டருக்காகத்தான் போட்டு வைத்திருக்கிறேன். உங்களுக்குக் குளிராக இருந்தால் சொல்லுங்கள், குறைத்துவிடலாம். மனிதர்கள் வந்து உட்காருகிற அறை இல்லை இது. என் மைத்துனனைப் பார்க்க வந்திருந்தால், அவன் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போயிருக்கிறான். என்னைத்தான் பார்க்க வந்தேன் என்கிறீர்கள். நல்லது. ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன்.

தொழிலை முதலில் சொன்னால்தான் என்னைத் தப்பாக நினைக்க மாட்டீர்கள். வீடியோவில் எதுவும் ஓடுவதில்லை. அசையாத படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, அவ்வளவுதான். நான் நொடிக்கு இருபத்தைந்து படம் என்ற கணக்கில் எடிட் செய்கிறவன். எங்கள் கேமராமேன், அதாவது என் மனைவியின் தம்பி, நொடிக்கு அறுபது என்று எடுத்துக்கொண்டு வருவான். அதே கல்யாணத்தில் இன்னொரு கேமராவை முப்பதில் வைத்திருப்பான். எடிட்டிங்கில் கை வைக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே கணக்குக்கு மாற்றியாக வேண்டும். ஒழுங்காக மாற்றினால் பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் என் வேலையை இதுவரை யாரும் பாராட்டியதில்லை. ஒரே ரேட்டில் எடு என்று அவனிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். கல்யாண வீட்டார் ஸ்லோ மோஷன் கேட்டால் என்ன செய்வது என்பான். எரிச்சலில் அவனுக்கு அறுபது என்று பட்டப்பெயர் வைத்தேன். அதற்கும் சிரித்தான்.

தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவனை வளர்த்து ஆளாக்கியவள் என் மனைவி. அவனுக்குப் பெண் தேட ஆரம்பித்தவளும் அவள்தான். இப்போதெல்லாம் போட்டோ போதாதாம். பையன் நாலு வார்த்தை பேசுகிற வீடியோ வேண்டும் என்று பெண் வீட்டார் கேட்கிறார்கள். அவன் தன்னைத்தானே எடுத்து என்னிடம் கொடுத்து, பார்த்துக்கொள்ளுங்கள் மாமா என்றான். பார்த்துக்கொண்டேன்.

அறுபதில் எடுத்ததை ஐம்பது என்று கம்ப்யூட்டரிடம் சொன்னேன். ஒரு படத்தைக்கூட வெட்டவில்லை, சேர்க்கவும் இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அதே படங்கள் சற்று நிதானமாக வந்தன. குரல் கொஞ்சம் இறங்கியது, இமை சாவகாசமாக மூடித் திறந்தது. பையன் லட்சணமாக இருக்கிறான், ஆனால் வீடியோ எடுக்கிற அன்றைக்காவது குடிக்காமல் இருந்திருக்கலாம் என்று பெண் வீட்டில் தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் என் மனைவி தினமும் வாசலிலேயே நிறுத்தி அவன் வாயை முகர்ந்து பார்த்தாள். காபியைத் தவிர எதையும் தொடாதவன், செருப்பைக் கழற்றும் முன்பே வாயைத் திறந்து காட்டுவான். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அதனால்தான் அடுத்த வீடியோவில் எதிர்ப்பக்கம் போனேன்.

அந்த ஒரு தடவைதான் அவன் என் பேச்சைக் கேட்டு இருபத்தைந்தில் எடுத்திருந்தான். அதை முப்பது என்று சொன்னேன். கீச்சுக் குரலில் படபடவென்று பேசி, குருவி மாதிரி தலையை ஆட்டினான். பையனுக்கு இன்னும் மகரக்கட்டே உடையவில்லையா என்று பெண்ணின் அத்தை கேட்டாராம். அவன் வெந்நீரில் தேன் கலந்து குடித்தான். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு கட்டைக் குரலில் பேசிப் பழகினான். ஒருநாள் இதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தான்.

"என்கிட்ட ஏதோ கோளாறு இருக்கு மாமா. நீங்க மட்டும் இல்லன்னா யாரு எனக்காக இவ்வளவு மெனக்கெடுவா?"

தோளில் தட்டிக்கொடுத்து, எல்லாம் நேரம் வந்தால் நடக்கும் என்றேன்.

மூன்றாவது வீடியோ உங்கள் வீட்டுக்கு வந்தது. அதில் படம் தனி, ஒலி தனி. படத்தை மட்டும் ஒரு நூலளவு வேகமாக்கிவிட்டு, ஒலியை அதன் போக்கில் விட்டேன். கடைசியில் அவன் வாயை மூடிப் புன்னகைத்துக்கொண்டிருப்பான், "எனக்கு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது" என்று குரல் மட்டும் கேட்கும். பின்னால் நின்று வேறு யாரோ பேசுகிறார்கள் என்று உங்கள் அப்பா சம்பந்தத்தையே கை கழுவிவிட்டார். நீங்கள் காது கேட்கும் கருவி பொருத்துகிற இடத்தில் வேலை பார்ப்பதோ, நாள் முழுக்க உதடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பதோ எனக்கு எப்படித் தெரியும்?

"உதடும் குரலும் ஒரே ஆளோடதுதான். குரல் மட்டும் போகப் போகப் பின்தங்குது. இதைச் செஞ்சது யாரு?" என்றீர்கள் உள்ளே வந்ததும். இந்தத் தொழிலில் என் வேலையைக் கவனித்த முதல் ஆள் நீங்கள். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் உச்சி குளிர்ந்துவிட்டது.

ஏன் செய்தேன் என்று கேட்கிறீர்கள். ஒரு கேமராவை ஒரே கணக்கில் வைக்கத் தெரியாதவன் குடும்பத்தை எப்படி நடத்துவான்? உங்களைப் போன்ற பெண்களைக் காப்பாற்றினேன் என்றே சொல்லலாம். நீங்கள் இப்படிப் பார்ப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். அவன் வெளியூர் போகிற நாட்களில் நானும் என் மனைவியும் மட்டும் சாப்பிட உட்காருவோம். உப்பு சரியாக இருக்கிறதா என்பாள். சரியாக இருக்கிறது என்பேன். அதோடு பேச்சு தீர்ந்துவிடும். அவன் இருந்தால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. அவளை அப்படிச் சிரிக்கவைக்க எனக்குத் தெரியாது. கல்யாணமானால் தனிக்குடித்தனம் என்று அவன் சொன்ன அன்று சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு இந்த அறைக்கு வந்துவிட்டேன். ஆனால் அது காரணம் இல்லை. நீங்கள் கேட்டதால் சொன்னேன்.

அதே வீடியோவைச் சரியாக மாற்றி இப்போது போட்டுக் காட்டினேன், பார்த்தீர்கள். அவன் அசட்டு ஜோக் ஒன்றுக்கு, நான் கொடுத்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நீங்களும் சிரித்தீர்கள். கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்கிறீர்கள்.

"அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்."

சொல்லிவிடுகிறேன். இன்றைக்கே, அவன் திரும்பி வந்ததும். கோபப்படத் தெரியாதவன், மன்னித்துவிடுவான். உங்களிடம் பேசியதில் மனது லேசாகிவிட்டது. நான் திருந்திவிட்டேன், இனிமேல் இந்த வேலையே கிடையாது.

அந்த பென் டிரைவில் என்ன, உங்கள் வீடியோவா? என் மனைவிக்குக் காட்டவா? போனில் எடுத்ததென்றால் எங்கள் டிவியில் அப்படியே போட முடியாது, முதலில் மாற்றியாக வேண்டும். இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள் அம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்.