குறையில்லாத விமானம்

காலிங்பெல்லும் குக்கரும் ஒரே நேரத்தில் கத்தின. நான் முதலில் அடுப்பை அணைத்தேன். சாதம் குழைந்துபோவது எங்கள் வீட்டில் சாதாரண விஷயம் அல்ல.

வாசலில் ஃபெலிக்ஸ், கையில் ஓர் அட்டைப்பெட்டியோடு. எதற்கு வந்திருக்கிறான் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் கணவர் லைப்ரரிக்குப் போயிருந்தார், அதுவும் நல்லதாயிற்று. உட்காரச் சொன்னேன், காபி கலந்து கொடுத்தேன், பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவனிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நான் யாரிடமும் குற்றம் கண்டுபிடிக்கிறவள் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். குற்றம் கண்டுபிடிப்பது என் கணவர் பத்ரிநாராயணனின் தொழில். இங்கே ஏ.எஸ்.ராவ் நகர் பக்கத்துத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தார். சர்வீஸ் முழுக்கப் பொருள்களை ரிஜெக்ட் செய்தே பதவி உயர்வு வாங்கியவர். ஓய்வு பெற்ற பின் ரிஜெக்ட் செய்ய நான்தான் மிச்சம். குரலை உயர்த்தமாட்டார். தோசையின் ஓரத்தில் வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்து, "வேதா, இந்தப் பக்கம் கனம் ஜாஸ்தி" என்பார். அவ்வளவுதான். காலையில் ஆரம்பித்தால் கொசுவலை கட்டும்வரை.

பிறகு பிளாஸ்டிக் விமானங்கள் வந்தன. ஜெட் விமானம் துண்டு துண்டாகப் பெட்டியில் வரும். ஒட்டிச் சேர்த்தால் ஒரு சாண் பொம்மை. அசலின் வரைபடத்தோடு அளவு ஒத்துப்போகிறதா, துண்டுகள் இடைவெளி இல்லாமல் சேருகின்றனவா என்று பார்த்து, இன்டர்நெட்டில் ஒரு குழுவில் எழுதுவார். சிங்கப்பூரில்கூட அதைப் படித்துவிட்டுத்தான் வாங்குவார்களாம்.

அச்சில் தடவிய எண்ணெய் போக, துண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அது என் வேலை. ஒருநாள் நெய்ப் பாத்திரத்துக்காகக் கொதிக்கவைத்த தண்ணீரைத் தெரியாமல் அதில் ஊற்றிவிட்டேன். ஓர் இறக்கை, தணலில் காட்டிய அப்பளம் மாதிரி லேசாகச் சுருண்டது. பயந்துகொண்டேதான் கொடுத்தேன். அவருக்கோ பேரன் பிறந்த செய்தி கேட்ட முகம். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் கோணலை வெகுநேரம் விளக்கினார். அன்றைக்கு ரசத்தில் உப்பே இல்லை. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

அதன்பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் கொஞ்சம் வெந்நீர். அதிகம் இல்லை. ஒரு வால், ஒரு சக்கரக் கதவு. தாளிக்கிற மாதிரி, அளவாக. ஒரு வெளிநாட்டுக் கம்பெனி மன்னிப்புக் கேட்டு மாற்றுத் துண்டுகள் அனுப்பியது. அவற்றையும் நான்தான் கழுவினேன்.

ஃபெலிக்ஸ் நாகர்கோவில் பையன். மாதாப்பூரில் பார்த்த சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு, மல்லாபூரில் ஒரு ஷெட் எடுத்து, நம் நாட்டுப் பயிற்சி ஜெட் ஒன்றுக்குத் தானே அச்சு வெட்டியிருந்தான். முதல் பெட்டியைக் கொடுக்க வந்த அன்று சொன்னான்: "சார் நல்லா இருக்குன்னு ஒரு வரி எழுதிட்டா போதும் ஆன்ட்டி. பம்பாய்க்காரர் மொத்தமா எடுத்துக்கிடுதேன்னு சொல்லியிருக்காரு. இல்லேன்னா ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான்."

எனக்கும் மனசாட்சி உண்டு. பச்சைத் தண்ணீரில்தான் கழுவினேன்.

என் கணவர் பசை போடாமல் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தார். டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தார். எந்த மூட்டிலும் வெளிச்சம் கசியவில்லை. வெர்னியரை மூடிவைத்து, "குறையே இல்லை" என்றார், இழவுச் செய்தி சொல்வதுபோல. பிறகு சாப்பாட்டு மேஜைப் பக்கம் திரும்பினார். அவியலில் காய்கள் ஒரே நீளத்தில் இல்லை. திரைச்சீலை ஒருபக்கம் தாழ்ந்திருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு என் அப்பா போட்ட பந்தல்கூடக் கோணலாம். இத்தனை வருஷம் கழித்து அன்றுதான் சொன்னார்.

மறுநாள், "ஏன்னா, அதுல இன்னும் பிசுக்கு இருக்கு. இன்னொரு தரம் அலசித் தரேன்" என்றேன். கொடுத்தார். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்வரை காத்திருந்தேன். இந்தத் தடவை தாளிப்பு இல்லை. முழுச் சமையல்.

அளவு சரி, பொருத்தம் சரி, ஆனால் பிளாஸ்டிக் ஒரே நாளில் வளைந்துபோகிறது, யாரும் வாங்க வேண்டாம் என்று எழுதினார். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் எல்லாமே சரியாக இருந்தது.

பம்பாய்க்காரர் ஒதுங்கிவிட்டார். ஃபெலிக்ஸ் அதே பிளாஸ்டிக்கில் வார்த்த விமானங்களை ஷெட் கூரைமேல் வெயிலில் போட்டுப் பார்த்தானாம். ஒன்றுகூட வளையவில்லை. அதில் ஒன்றைத்தான் பெட்டியில் கொண்டுவந்திருந்தான்.

நான் சொல்லி முடித்தபோது அவன் காபியில் ஆடை கட்டியிருந்தது.

"சார்கிட்ட நீங்களே சொல்லிடுங்க ஆன்ட்டி" என்றான் கடைசியில். "அவரு மாத்தி ஒரு வரி எழுதினா, பம்பாய்க்காரர் திரும்ப வருவாரு."

நியாயமான கோரிக்கைதான். ஆனால் சொன்னால், என் கணவருக்கு ஆயுசுக்கும் போதுமான ஒரு குறை கிடைத்துவிடும், என்னிடம்.

கேட்டில் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. ஃபெலிக்ஸ் அவசரமாகப் பெட்டியைத் திறந்து விமானத்தை மேஜைமேல் வைத்தான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை எடுத்து, டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன்.

"உள்ளதைச் சொல்லணும்னா தம்பி, வெந்நீர் படறதுக்கு முன்னாடியே அந்த முதல் விமானத்துல வால்கிட்ட நூலிழை இடைவெளி இருந்தது."